பழைய பள்ளிக்கூடத்தில் கேளிக்கை வளாகம் வரப்போகிறதாம்: மனுவில் கையெழுத்து போடும் முன் பேசுவோம்

முனைபுளோக்_அப்பா | வியாழன், இரவு 9.40

வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புப் பேட்டையின் பெயரைப் பொதுவில் போடவில்லை. இங்கே எழுதுகிறவர்களில் பாதிப் பேருக்கு எந்த இடம் என்று தெரியும்.

மாணவர்களை வேறு பள்ளியோடு சேர்த்துவிட்டதால் மூடப்பட்ட தொடக்கப்பள்ளி ஆறு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. அதைக் குத்தகைக்கு எடுக்கப் போகும் நிறுவனத்தின் ஆள் போன ஞாயிறு வசிப்போர் குழுக் கூட்டத்துக்கு வந்து படம் போட்டுக் காட்டினார். கீழே சாப்பாட்டுக் கடைகள், திறந்தவெளியில் பீர் விற்கும் இடம். மாடியில் பௌலிங், கராவோக்கே அறைகள், விளையாட்டு இயந்திரக் கூடம். பழைய பள்ளி மண்டபத்தில் மேடைக் கச்சேரி. வெள்ளி, சனி இரவுகளில் அதிகாலை 2 மணி வரை திறந்திருக்க அனுமதி கேட்கப் போகிறார்களாம்.

என் அடுப்படி சன்னல் அந்த மண்டபத்தைப் பார்த்தபடி இருக்கிறது. இடையில் ஒரு சின்னச் சாலை, ஒரு தூங்குமூஞ்சி மரம், அவ்வளவுதான். போன மாதம் அங்கே யாரோ ஒரு நாள் வாடகைக்கு எடுத்து விருந்து வைத்தார்கள். இரவு 9 மணிக்குப் பாட்டு ஆரம்பித்தது. பாட்டின் சொல் ஒன்றுகூடக் காதில் விழவில்லை, தாளத்தின் அடி மட்டும் சுவர் வழியாக வந்தது. தட்டு ஸ்டாண்டில் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணு என்று சத்தம் போட்டன. சன்னலைச் சாத்தினேன், நிற்கவில்லை. துணியை இடையில் திணித்த பிறகுதான் தட்டுகள் அடங்கின. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது ஒரு நாள். இனி வாரம் இரண்டு நாள், வருடம் முழுவதும்.

மனு ஒன்று எழுதியிருக்கிறேன். மூன்று பத்தி. முதலாவது சத்தம். இரண்டாவது, இருவழிச் சாலை ஒன்றே ஒன்று இருக்கும் இடத்தில் கார்கள் வரிசை கட்டுவது. மூன்றாவது இது: "வெளியாட்களின் நடமாட்டம் பெருகும், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு இருக்காது." படித்துவிட்டுச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் 300 வீட்டுக் கையெழுத்து வாங்கி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில் கொடுக்க நினைக்கிறேன்.

இரவுப்பணி_தாதி | வியாழன், இரவு 10.15

அண்ணா, என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும். எல்லாரும் இரவு இரவு என்று பேசுகிறோம். மாதத்தில் எட்டு ஒன்பது நாள் நான் காலை 9 மணிக்குத்தான் தூங்கவே போகிறேன். பள்ளி இருந்தபோது மணி அடிப்பது, பிள்ளைகள் கத்துவது எல்லாம் கேட்கும், அதற்கு நடுவில் தூங்கப் பழகிவிட்டேன். ஆனால் பகல் 11 மணிக்கு ஒலிபெருக்கியைச் சோதித்துப் பார்க்கும் இடத்துக்குப் பக்கத்தில் தூங்க முடியாது. எங்கள் புளோக்கிலேயே இரவு வேலை பார்ப்பவர்கள் எனக்குத் தெரிந்து ஏழு பேர். பேருந்து ஓட்டுநர், பாதுகாவலர், விமான நிலையத்தில் வேலை செய்பவர். எங்களையும் மனுவில் ஒரு வரி எழுதுங்கள்.

சின்னவன்_13ஆம்மாடி | வியாழன், இரவு 11.02

நான் கையெழுத்து போட மாட்டேன். கோபப்படாமக் கேளுங்க.

எனக்கு 19 வயசு. இந்தப் பேட்டையில எங்களுக்கு என்ன இருக்கு? கூடைப்பந்துத் திடல்ல பந்து தட்டினா ரெண்டாம் மாடியிலேர்ந்து புகார். புளோக் கீழ்த்தளத்துல நாலு பேர் உட்கார்ந்து பேசினா புகார். மாடிக் கார்நிறுத்துமிடத்தோட மேல்தளத்துல கிட்டார் வாசிச்சோம், அதுக்கும் புகார். பௌலிங் போடணும்னா ரெண்டு ரயில் மாறிப் போறோம், நள்ளிரவு ஆச்சுன்னா கடைசி ரயிலுக்கு ஓடுறோம், விட்டுட்டா வாடகைக் காருக்கு 25 வெள்ளி (டாலர்). "ஏன் இவ்வளவு நேரம்"னு வீட்டுல கேக்குறாங்க. நடந்து போற தூரத்துல ஒரு இடம் வருது, அதையும் வேணாங்கிறீங்க.

சத்தம் வேணாம்னு சொல்லுங்க, நியாயம். மொத்தமா வேணாம்னு சொல்லாதீங்க.

கப்பல்பட்டறை_தஞ்சாவூர் | வெள்ளி, காலை 5.50

வேலைக்குப் போகும் பேருந்தில் எழுதுகிறேன்.

முனைபுளோக் அண்ணே, உங்களைத் தீபாவளிச் சந்தையில் பார்த்திருக்கிறேன், நல்ல மனிதர். முதல் இரண்டு பத்திக்கும் என் கையெழுத்து உண்டு. மூன்றாவது பத்தி இருக்கும்வரை கிடையாது.

நான் 2007ல் வேலை அனுமதிச் சீட்டில் வந்தவன். மறு வருடம் சிராங்கூன் கார்டன்ஸில் பழைய தொழில்நுட்பப் பள்ளிக் கட்டடம் ஒன்றை வெளிநாட்டு ஊழியர் விடுதியாக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. அங்கே இருந்த சுமார் 4,000 குடும்பங்களில் 1,400க்கு மேற்பட்டவை வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டன. போக்குவரத்து, நெரிசல் எல்லாம் சொன்னார்கள். கூடவே, வீட்டுப் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் பாதுகாப்பு இருக்காது என்றார்கள். அண்ணே, நீங்கள் எழுதிய அதே வரி.

அந்தச் செய்தியை லாரியின் பின்னால் உட்கார்ந்து தமிழ் முரசில் படித்தோம். பன்னிரண்டு பேர் இருந்தோம். ஒருவர் சத்தமாகப் படித்தார், பாதியில் நிறுத்திவிட்டுத் தாளை மடித்துவிட்டார். யாரும் எதுவும் பேசவில்லை. இவ்வளவுக்கும் எங்களில் ஒருவர்கூட அந்தப் பேட்டையில் தங்கப் போகிறவர் இல்லை.

கடைசியில் விடுதி வந்தது. எண்ணிக்கையைக் குறைத்து சுமார் 600 பேர் என்றார்கள், பேட்டைக்குள் நுழையாமல் வேறு பக்கமாகத் தனிச்சாலை போட்டார்கள். சாலை பற்றிச் சொன்னது எடுபட்டது. ஆட்களைப் பற்றிச் சொன்னது எங்கள் மனதில் மட்டும் நின்றது.

இன்று நான் நிரந்தரவாசி, பக்கத்துப் புளோக்கில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு, மகன் தொடக்கநிலை மூன்று. சனிக்கிழமை இரவு அந்தச் சாப்பாட்டுக் கடைகளுக்கு யார் வருவார்கள் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் பட்டறைப் பையன்களும் வருவார்கள். அவர்கள் "வெளியாட்கள்" என்றால் நான் எப்போது உள்ளாள் ஆனேன்?

முனைபுளோக்_அப்பா | வெள்ளி, காலை 7.25

தம்பி, படித்ததிலிருந்து மனது சரியில்லை.

அந்த வரியை எழுதும்போது உங்களைப் போன்றவர்களை நான் நினைக்கவே இல்லை. மகள் பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர் ஓரமாகத்தான் துணைப்பாட வகுப்பிலிருந்து நடந்து வருவாள். 2 மணிக்குக் குடித்துவிட்டு வெளியே வருகிறவர்களை நினைத்தேன். ஆனால் எழுதியது அது இல்லை. எழுதியது "வெளியாட்கள்". எடுத்துவிடுகிறேன். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், பயம் எனக்கு இன்னும் இருக்கிறது.

வரைபடக்காரி | வெள்ளி, மதியம் 1.10

கட்டடக்கலை நிறுவனம் ஒன்றில் 16 வருடமாக அனுமதி விண்ணப்பங்கள் தயாரிக்கிறேன். மனு எழுதுகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, எல்லாக் குறையையும் ஒரே தாளில் எழுதி ஒரே இடத்தில் கொடுப்பது. இப்படி ஒரு வளாகம் திறக்க ஒரு கதவு இல்லை, பல கதவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் காவல் நிற்பவர் வேறு.

முதல் கதவு நிலப் பயன்பாடு. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்டத்தில் தீவின் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் இன்னதற்கு என்று நிறம் போட்டிருக்கும். 1958ல் முதல் பெருந்திட்டம் வந்தது, இப்போது ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திருத்துகிறார்கள். கடைசி வரைவை 2025 ஜூனில் காட்சிக்கு வைத்தார்கள். அந்த வரைபடம் இணையத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் தங்கள் புளோக்கைத் தட்டிப் பார்க்கலாம். பள்ளி நிலம் என்றால் கல்வி நிலையம் என்ற நிறத்தில் இருக்கும். காலியாகக் கிடக்கும் அரசாங்கக் கட்டடத்தைச் சில வருடக் குத்தகைக்கு விடுவது வழக்கம்தான், ஆனால் வேறு வேலைக்குப் பயன்படுத்த அனுமதி வாங்க வேண்டும். பள்ளி மண்டபத்தைக் கச்சேரி மண்டபமாக மாற்றுவது சாதாரண விஷயமில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். அந்தக் கட்டடங்கள் காற்றுக்காகக் கட்டப்பட்டவை. சுவருக்கும் கூரைக்கும் நடுவே இடைவெளி, பக்கவாட்டில் கண்ணாடிப் பட்டைச் சன்னல். சத்தத்தை உள்ளே பிடித்து வைக்கும் கட்டடம் அது இல்லை. முனைபுளோக் அண்ணனின் தட்டுகள் கிணுகிணுத்ததற்குக் காரணம் அதுதான். தாழ்ந்த சுருதி கண்ணாடியைச் சாத்தினால் நிற்காது, சுவரையே தனியாகக் கட்ட வேண்டும். செலவு பிடிக்கும், அதனால்தான் யாரும் கேட்காவிட்டால் கட்ட மாட்டார்கள்.

இரண்டாவது, காவல்துறை தரும் பொதுக் கேளிக்கை உரிமம். நேரடி இசை, விளையாட்டு இயந்திரம் எல்லாம் இதில் வரும். மூன்றாவது மதுபான உரிமம். நள்ளிரவுக்கு மேல் ஊற்ற வேண்டுமானால் நேர நீட்டிப்பு தனியாகக் கேட்க வேண்டும். அப்பாவின் பயத்துக்கு உரிய இடம் இதுதான். "வெளியாட்கள்" என்று எழுத வேண்டாம், "2 மணி" என்று எழுதுங்கள். குடித்துவிட்டு வருகிறவர் பக்கத்துப் புளோக்காரராக இருந்தாலும் உங்கள் மகளுக்குப் பயம் ஒன்றுதான்.

2015 ஏப்ரல் 1 முதல் இரவு 10.30 மணியிலிருந்து காலை 7 மணிவரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. புளோக் கீழ்த்தளமும் பொது இடம்தான். வளாகம் மூடிய பிறகு அங்கே உட்கார்ந்து குடிப்பதை யார் கண்காணிப்பார்கள் என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

சாலை பற்றி எழுதுவது நிலப் போக்குவரத்து ஆணையத்துக்குப் போக வேண்டும். "நெரிசல் அதிகமாகும்" என்று எழுதினால் எந்தப் பயனும் இல்லை. எத்தனை மணிக்கு, எந்த முனையில், எத்தனை கார் நிற்கிறது என்று எழுதுங்கள்.

இரவுப்பணி_தாதி | வெள்ளி, மதியம் 1.45

அக்கா, இதை அப்படியே அச்செடுத்து மின்தூக்கிப் பக்கத்தில் ஒட்டலாமா?

வரைபடக்காரி | வெள்ளி, மதியம் 1.52

ஒட்டுங்கள். நகர மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கு மட்டும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேக்காப்_பெரியவர் | வெள்ளி, மாலை 4.30

எனக்கு 74 ஆகிறது. ஜாலான் புசார் பக்கம் பிறந்து வளர்ந்தவன். 'நியூ வோர்ல்ட்' கேளிக்கைப் பூங்கா எங்களுக்கு நடக்கிற தூரம். 1923ல் திறந்தது. இப்போது அங்கே பேரங்காடி நிற்கிறது. மல்யுத்தம், மலாய் நாடகம், ரோங்கெங் ஆட்டம், படக்கொட்டகை, வேர்க்கடலைக்காரர். அப்பா மாதம் ஒருமுறை அழைத்துப் போவார், அந்த ஒரு நாளுக்காக மாதம் முழுக்கக் காத்திருப்போம். அதனால் கேளிக்கை என்றாலே கெட்டது என்று யாராவது பேசினால் எனக்குப் பிடிக்காது. அந்த 13ஆம் மாடிப் பையன் சொல்வதில் உண்மை இருக்கிறது.

சத்தத்தைப் பற்றி நாம் பேசும்போது இன்னொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தைப்பூச ஊர்வலத்தில் 1973 முதல் இசைக்கருவி வாசிக்கக் கூடாது என்று இருந்தது. உறுமியும் தவிலும் இல்லாமல் என் தம்பி காவடி எடுத்து நடந்ததைப் பார்த்திருக்கிறேன், பக்கத்தில் நாங்கள் வெறும் கையைத் தட்டிக்கொண்டே பாடிப் போனோம். 2016ல்தான் வழியில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு விட்டார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருந்தோம். "எங்களுக்கு ஒரு நாள், ஒரு நேரம், ஓர் இடம் கொடுங்கள்" என்றுதான் கேட்டோம். அப்படிக் கேட்ட நாம் இன்னொருவர் இசையை "வேண்டவே வேண்டாம்" என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. எந்த நாள், எந்த நேரம், எந்தச் சுவருக்குள் என்று கேட்போம்.

இரண்டு_பிள்ளை_அம்மா | வெள்ளி, இரவு 8.20

பெரியவரே, உங்கள் காலத்துப் பூங்காவையும் இதையும் ஒன்றாக வைக்க என்னால் முடியவில்லை. என் கவலை சத்தம் இல்லை. விளையாட்டு இயந்திரக் கூடம்.

என் அண்ணன் பந்தாட்டக் கிளப் ஒன்றின் ஜாக்பாட் சூதாட்ட இயந்திர அறையில் இரண்டு வருடச் சம்பளத்தை விட்டவர். ஆரம்பம் அங்கே இல்லை, காசு போட்டுப் பொம்மை எடுக்கும் இயந்திரத்தில். "இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை" என்ற பழக்கம் பத்து வயதிலேயே வந்துவிட்டது என்று அவரே சொல்வார். ஜாக்பாட் அறைக்குள் போக வயது 18 என்று இருந்ததை 21 ஆக்குவதாக 2017ல் அறிவித்தபோது அண்ணி அழுதார், எங்கள் வீட்டுக்கு அது தாமதமாக வந்த செய்தி.

2005 ஏப்ரலில் சூதாட்டக்கூடங்களுக்கு அனுமதி என்று நாடாளுமன்றத்தில் பிரதமர் அறிவித்தார். அதற்கு முன் ஏறத்தாழ 30,000 பேர் வேண்டாம் என்று இணைய மனுவில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்த மனு கூடங்களைத் தடுக்கவில்லை, 2010ல் இரண்டும் திறந்தன. ஆனால் உள்ளூர்க்காரருக்கு 100 வெள்ளி நுழைவுக் கட்டணம் வந்தது, 2019ல் அது 150 ஆனது. வீட்டில் இருப்பவரே விண்ணப்பித்துக் குடும்பத்தில் ஒருவரை உள்ளே விடாமல் தடுக்கும் ஏற்பாடும் வந்தது. அண்ணனுக்கு அந்தத் தடையை வாங்கியது அண்ணிதான். கேட்டால் ஏதாவது கிடைக்கும் என்று நான் நம்புவது அதனால்தான். பள்ளி நேரத்தில் சீருடைப் பிள்ளைகளை உள்ளே விடக் கூடாது, இயந்திரக் கூடம் சாலையைப் பார்த்தபடி கண்ணாடிக்குப் பின்னால் இருக்கக் கூடாது. இந்த இரண்டும் மனுவில் வேண்டும்.

கோப்பிக்கடை_முதலாளி_மகன் | வெள்ளி, இரவு 9.05

எங்கள் தேநீர்க் கடைக்கும் அடி விழும் என்று அப்பா பயப்படுகிறார். ஆனால் அதை மனுவில் எழுத வேண்டாம் என்கிறார், வியாபாரப் பொறாமை என்று சொல்லிவிடுவார்களாம். இங்கே சொல்லி வைக்கிறேன்.

சின்னவன்_13ஆம்மாடி | வெள்ளி, இரவு 11.40

தேக்காத் தாத்தா, நன்றி.

வரைபடக்கார அக்கா சொன்னதுக்காக இன்னைக்கு நானும் கூட்டாளி ரெண்டு பேரும் பள்ளிக்கூட முனையில உட்கார்ந்தோம். சாயந்தரம் 6.30லேர்ந்து 7.30 வரைக்கும் எண்ணினோம். துணைப்பாட நிலையத்துல பிள்ளைய விட வந்த கார் 41. அதுல 17 ஓரத்துல ரெட்டை மஞ்சக்கோட்டு மேல நின்னுச்சு. பேருந்து ரெண்டு தடவை திரும்ப முடியாம நின்னுச்சு, முதல் தடவை நாலு நிமிஷம். வளாகம் வராமலே இப்படி. சனிக்கிழமையும் எண்ணித் தரோம்.

எங்க பக்கத்துலேர்ந்து ஒரு வரி வேணும். நிறுவனம் ரெண்டு அறையைப் பேட்டைப் பிள்ளைகளுக்குக் குறைஞ்ச வாடகைக்குத் தரணும். ஒண்ணு இசைப் பயிற்சிக்கு, வரைபடக்கார அக்கா சொன்ன மாதிரி சத்தம் வெளிய போகாத சுவரோட. அந்த வரி இருந்தா நானும் கையெழுத்து போடுறேன்.

முனைபுளோக்_அப்பா | சனி, காலை 8.15

ராத்திரி உட்கார்ந்து முழுவதும் மாற்றி எழுதினேன். இப்போது இப்படி இருக்கிறது:

"நாங்கள் இந்தப் பேட்டையில் வசிக்கிறோம். பழைய பள்ளிக் கட்டடம் பூட்டிக் கிடப்பதை நாங்களும் விரும்பவில்லை. ஆனால் இப்போது காட்டப்பட்ட திட்டத்தை இப்படியே ஏற்க முடியாது. கச்சேரியும் மது விற்பனையும் எல்லா நாளும் இரவு 10.30 மணிக்கு நிற்க வேண்டும். மண்டபத்துக்குச் சத்தம் தாண்டாத சுவரும் கூரையும் கட்டி, திறப்பதற்கு முன் எதிர்ப் புளோக்கின் மூன்று வீடுகளுக்குள் சத்தத்தை அளந்து காட்ட வேண்டும். பகல் 4 மணிக்கு முன் ஒலிபெருக்கி கூடாது, இங்கே இரவு வேலை பார்ப்பவர்கள் பகலில் தூங்குகிறார்கள். கார்கள் துணைப்பாட நிலையத்தின் முனை வழியாக நுழையாமல் பின்பக்கப் பழைய பள்ளிப் பேருந்து வாயில் வழியாக நுழைய வேண்டும், எண்ணிக்கை இணைப்பில். சீருடைப் பிள்ளைகளைப் பள்ளி நேரத்தில் இயந்திரக் கூடத்துக்குள் விடக் கூடாது, கூடம் சாலையிலிருந்து தெரியவும் கூடாது. இரண்டு அறைகள், ஒன்று இசைப் பயிற்சிக்கானது, பேட்டை இளையர்களுக்குக் குறைந்த வாடகையில் கிடைக்க வேண்டும்."

10.30 என்று போட்டது ஏன் என்றால் வீவக வீடுகளில் அமைதி நேரம் என்று இதுவரை சொல்லி வந்தது 10.30 முதல் காலை 7 வரை. அதை இரவு 10 முதல் காலை 8 வரை ஆக்கலாம் என்று 2022ல் அரசாங்கம் அமைத்த ஆலோசனைக் குழு பரிந்துரைத்தது. 10 என்றே கேட்கலாம் என்கிறார் என் மனைவி. தம்பி 13ஆம் மாடி 11 என்பார். அதனால் 10.30.

தஞ்சாவூர்த் தம்பி, மூன்றாவது பத்தி இல்லை.

கப்பல்பட்டறை_தஞ்சாவூர் | சனி, காலை 8.40

பார்த்தேன் அண்ணே. என் கையெழுத்தும் மனைவியுடையதும் உண்டு. சீனத்திலும் மலாயிலும் இது வேண்டும். தமிழர்கள் மட்டும் 40 வீடு போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

வரைபடக்காரி | சனி, காலை 9.30

ஆங்கிலம் நான் எழுதித் தருகிறேன். சீனம் என் அலுவலகத் தோழி செய்வார்.

ஒரு எச்சரிக்கை. நிறுவனத்திடம் குத்தகைக்கான ஏல ஆவணத்தின் நிபந்தனைகளை முழுவதும் கேட்டு வாங்குங்கள். 2015ல் செங்காங் ஃபெர்ன்வேலில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கோயிலோடு அஸ்தி மாடம் வரும் என்று வீடு விற்ற சிற்றேட்டில் சின்ன எழுத்தில் இருந்தது, யாரும் கவனிக்கவில்லை. அந்த நிலத்தை ஏலத்தில் எடுத்தது லாப நோக்குள்ள நிறுவனம் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த ஒரு விவரம் வெளியே வந்த பிறகுதான் வணிக அஸ்தி மாடத் திட்டம் கைவிடப்பட்டது. பயமும் கோபமும் அதற்கு முன்பே வேண்டிய அளவு இருந்தன.

இரவுப்பணி_தாதி | சனி, மதியம் 12.20

இன்று மாலை வேலை எனக்கு. தாளைக் கதவுக்குக் கீழே தள்ளிவிடுங்கள், காலையில் வந்து போட்டு விடுகிறேன்.

ஐந்தாம் மாடி மூலை வீட்டு மலாய்ப் பாட்டியிடம் யாராவது கேட்டீர்களா? பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் பல வருடம் நாசி லெமாக் விற்றவர். அந்தக் கட்டடத்தை நம் எல்லாரையும்விட அதிகம் அறிந்தவர் அவர்தான். பின்பக்க வாயில் கதவு திறக்குமா, துரு பிடித்துவிட்டதா என்பதைக்கூட அவர் சொல்வார்.

தேக்காப்_பெரியவர் | சனி, மதியம் 12.45

எனக்கு மலாய் சரளமாக வரும். பாட்டி அஸார் என்ற மாலைத் தொழுகையை முடித்ததும் போய்ப் பார்க்கிறேன். சின்னவனையும் கூட அனுப்புங்கள், படி ஏற முடியாவிட்டால் தாளைத் தூக்கிக்கொண்டு போக ஆள் வேண்டும். மின்தூக்கி இன்றும் பழுது.

சின்னவன்_13ஆம்மாடி | சனி, மதியம் 12.51

நாலரைக்குக் கீழ்த்தளத்துல நிக்கிறேன் தாத்தா.